அனுப்புவதற்கு முன்

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இதுல என்ன புதுசு? வாட்ஸ்அப்லயும் இப்படித்தானே வருது?" என்று பாஸ்டர் ஆபேல் கேட்டார். சிரித்துத் தலையாட்டிவிட்டு லாப்டாப்பை மூடியிருக்கலாம். நான் மூடுகிற ஆளா? என்னிடம் யாராவது "இதுல என்ன புதுசு" என்று கேட்டுவிட்டால் சுர்ரென்று ஏறிவிடும்.

சேலையூரில் எங்கள் சபை. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை உபவாச ஜெபம். வாசலில் ஒரு மரப்பெட்டி இருக்கும். வருகிறவர்கள் தங்கள் ஜெபக் குறிப்பைத் துண்டுக் காகிதத்தில் எழுதி அதில் போடுவார்கள். பெயர் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் 'ஒரு சகோதரி', 'ஒரு சகோதரன்' என்று மட்டும் போடுவார்கள். பாஸ்டர் ஒவ்வொன்றாக வாசிக்க, சபை சேர்ந்து ஜெபிக்கும். முடிந்ததும் அத்தனை சீட்டையும் பின்பக்கம் கொண்டுபோய்க் கொளுத்துவது சபைச் செயலாளரின் வேலை. செயலாளர் வேறு யாருமில்லை, என் அப்பா ஐசக். ரிட்டயரான சயின்ஸ் வாத்தியார். ஒரு சீட்டில் என்ன இருந்தது என்று இதுவரை வீட்டில் வாய் திறந்ததில்லை.

இந்தக் காலத்தில் துண்டுச் சீட்டும் தீப்பெட்டியுமா என்று நான்தான் ஆரம்பித்தேன். ஒரு வெப் ஆப் எழுதினேன். வாசலில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து, போனில் எழுதி, 'அனுப்பு' என்பதை அழுத்தினால், பீடத்துக்குப் பக்கத்திலிருக்கும் பெரிய திரையில் அந்த நொடியே வந்து நிற்கும். கூடவே டிங் என்று ஒரு மணிச் சத்தம். பக்கத்தைத் திரும்பத் திரும்ப லோட் செய்ய வேண்டியதில்லை. போன் பேசும்போது லைன் அறுபடாமல் இருக்கிறதே, அது மாதிரி சர்வருக்கும் திரைக்கும் நடுவே ஓர் இணைப்பு திறந்தபடியே இருக்கும். இந்தப் பக்கம் விழுந்தது அந்தப் பக்கம் உடனே தெரியும். ரியல் டைம் என்பார்கள். இதைச் செய்துதான் நான் சம்பாதித்தேன்.

சம்பாதித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஓஎம்ஆரில் நான் வேலை பார்த்த கம்பெனி, மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு மீட்டிங் போட்டு என்னையும் சேர்த்துப் பத்திருபது பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அதை நான் வீட்டில் சொல்லவில்லை. அம்மா துபாயில் அக்காவின் பிரசவத்துக்குப் போயிருக்கிறாள். வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்தான். தினமும் காலையில் குளித்து, சட்டை மாட்டி, கம்பெனி டேகைக்கூடக் கழுத்தில் போட்டுக்கொண்டு கிளம்புவேன். அப்பா சமையலறையிலிருந்து டிபன் பாக்ஸைக் கொண்டுவந்து பையில் வைப்பார். "மூடி சரியா மூடலை, சாய்க்காம எடுத்துட்டுப் போ" என்பார். நான் நேராகத் தாம்பரம் ஸ்டேஷன் பெஞ்சுக்குப் போவேன்.

ஏன் சொல்லவில்லை? பக்கத்து வீட்டு லோகநாதன் அங்கிளின் மகனுக்குப் போன வருஷம் வேலை போனது. சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா சாதாரணமாகச் சொன்னார், "வேலை தெரிஞ்சவனை எவன்டா அனுப்புவான்?" அதை எனக்காகச் சொல்லவில்லை. ஆனால் என் முறை வந்தபோது அந்த வார்த்தை என் தொண்டையில் வந்து உட்கார்ந்துகொண்டது. எந்தச் சங்கதி தெரிந்தாலும் பரவாயில்லை, இது மட்டும் அப்பா காதுக்குப் போகக் கூடாது என்று முடிவு செய்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அதையும் தினமும் செய்தேன்.

ஆக, சபையில் எல்லோர் முன்னாலும் பாஸ்டர் கேட்ட அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. அப்பாவும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கம்பெனிக்காரன்தான் என்னைத் தேவையில்லை என்றான், சபையிலுமா?

"இருங்க பாஸ்டர், காட்டுறேன்" என்றேன்.

ஆப்பின் புரோகிராமில் ஒரு வரியை மாற்றினேன். 'அனுப்பு' அழுத்தும்வரை காத்திருக்காமல், ஒவ்வொரு எழுத்தையும் தட்டத் தட்டத் திரைக்கு அனுப்பச் செய்தேன். சபையில் மைக்கும் ஸ்பீக்கரும் பார்த்துக்கொள்கிற பிரிட்டோவை வெளியே வேப்பமரத்தடிக்குப் போய் ஏதாவது எழுதச் சொன்னேன். உள்ளே திரையில் 'கர்த்தர் நல்லவர்' என்று எழுத்து எழுத்தாக முளைத்தது. கமிட்டிப் பெரியவர்கள் "அடேயப்பா!" என்றார்கள். பாஸ்டர் வாசலுக்குப் போய் பிரிட்டோவை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். அப்பா சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்துத் திரும்பவும் சொருகிக்கொண்டார். சந்தோஷம் வந்தால் அவர் அப்படித்தான் செய்வார்.

பிரிட்டோ வந்து, "மச்சான், சனிக்கெய்ம இத்த ஆஃப் பண்ணிருவ இல்ல?" என்று கேட்டான்.

"பண்ணிடுவேன்டா" என்றேன், பக்கத்தில் நின்ற அப்பாவுக்கும் கேட்கிற மாதிரி.

பண்ணவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். அந்த "அடேயப்பா"வை முழுச் சபையின் வாயிலிருந்தும் ஒரு தடவை கேட்டுவிட்டு அணைக்கலாம் என்று வைத்திருந்தேன்.

சனிக்கிழமை கூட்டம் நன்றாகவே இருந்தது. பாட்டு முடிந்ததும் பாஸ்டர், "இனிமே சீட்டு இல்லை. நம்ம செயலாளர் ஐசக் ஐயாவோட மகன் எபனேசர், பெரிய கம்பெனியில சாப்ட்வேர் இன்ஜினியர், நமக்காக இதைச் செஞ்சு குடுத்திருக்காரு" என்று அறிவித்தார். பெரிய கம்பெனியாம்! எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் பின்னால் லாப்டாப் மேஜையில் பிரிட்டோவோடு உட்கார்ந்து பல்லைக் காட்டினேன்.

எல்லோரும் குனிந்து போனில் எழுத ஆரம்பித்தார்கள். திரையில் எழுத்துகள் ஓடின. முதலில் ஒரு சகோதரி 'என் மாமியாருக்குக் கொஞ்சம் நல்ல புத்தி' என்று எழுதி, யோசித்து, அழித்து, 'என் குடும்பத்தில் சமாதானம் உண்டாக' என்று மாற்றினாள். நிமிர்ந்து பார்த்தவர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். ஜெரூஷா ஆன்ட்டி மெதுவாகத் திரும்பிப் பக்கத்திலிருந்த தன் மருமகளைப் பார்த்தார். நானும் சிரித்தேன். வெட்கம் கெட்டவன், சிரித்தேன்.

"எபி, இது தப்பா கீது. ஆஃப் பண்ணு" என்றான் பிரிட்டோ.

"ரெண்டு நிமிஷம் இருடா."

விஷயம் புரிந்தவர்கள் போனை அப்படியே பைக்குள் போட்டுவிட்டார்கள். திரையில் ஓட்டம் நின்றது. சரி, இப்போது அணைத்துவிடலாம் என்று கையைக் கீபோர்டில் வைத்தேன். அப்போது ஒரே ஒருவர் மட்டும் எழுத ஆரம்பித்தார். 'ஒரு சகோதரன்' என்று மேலே இருந்தது. எழுத்துகள் மிக மெதுவாக வந்தன, ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டுகிற வேகத்தில்.

'என் மகன் எபனேசருக்கு வேலை போய்விட்டது.'

முன் வரிசையைப் பார்த்தேன். அப்பா படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனை மடியில் வைத்து, பரீட்சைப் பேப்பர் திருத்துகிறவர் போல் குனிந்திருந்தார். அந்தக் கண்ணாடியில் நிமிர்ந்து பார்த்தாலும் திரை அவருக்கு மங்கலாகத்தான் தெரியும். அவர் நிமிரவும் இல்லை.

'என்னிடம் சொல்லவில்லை. தினமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு போகிறான். நானும் தெரியாதவன் போல் டிபன் கட்டிக் கொடுக்கிறேன்.'

பிரிட்டோ லாப்டாப்பை மூடக் கையை நீட்டினான். அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"இன்னாடா பண்ற நீ? உங்க நைனாடா அது!" என்று காதில் சீறினான்.

"இரு" என்றேன்.

ஏன் பிடித்தேன்? எனக்கு வாசிக்க வேண்டியிருந்தது. அப்பா என்னைப் பற்றி என்னிடம் சொல்லாத எதையோ கடவுளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த வரி என்ன என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்காக என் மானத்தோடு சேர்த்து அவர் மானத்தையும் கப்பலேற்றினேன். ஒரு விசையைத் தட்டினால் திரை இருண்டுவிடும். விசை என் விரலுக்கடியிலேயே இருந்தது.

பாஸ்டர் பீடத்தில் நின்றபடி திரையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அணைத்துவிடு என்று கண்ணால் கெஞ்சினார். நான் அசையவில்லை. பிறகு மைக்கைப் பிடித்து, எப்போதும் போன்ற குரலில், "இன்னும் எழுதிட்டு இருக்கிறவங்க நிதானமா எழுதுங்க. எழுதி முடிச்சவங்க எல்லாரும் கண்களை மூடி மௌனமா ஜெபிப்போம். நான் சொல்ற வரைக்கும் யாரும் கண்ணைத் திறக்க வேண்டாம்" என்றார். சொல்லிவிட்டு முதல் ஆளாக அவரே கண்ணை மூடினார்.

மொத்தச் சபையும் மூடியது. சேலை முந்தானைகள் தலைக்கு ஏறின, தலைகள் கவிழ்ந்தன. ஜெரூஷா ஆன்ட்டி இரண்டு கையாலும் முகத்தையே மூடிக்கொண்டார். என் கையிலிருந்து மணிக்கட்டை உருவிக்கொண்ட பிரிட்டோ, கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை, சிலுவை போட்டுக்கொண்டு கண்ணை மூடினான். அந்த இடத்தில் கண் திறந்திருந்தவர்கள் இரண்டே பேர். எழுதுகிற அப்பாவும், வாசிக்கிற நானும்.

'தாம்பரம் ஸ்டேஷனில் அவனைப் பார்த்தேன். பெஞ்சில் தனியாக உட்கார்ந்து நான் கட்டிக் கொடுத்த எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அவன் என்னைப் பார்த்துவிட்டால் கூசிப்போவான் என்று தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.'

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. மின்விசிறிகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

'வேலை தெரிந்தவனை எவன் அனுப்புவான் என்று நான்தான் ஒருநாள் சொன்னேன். அந்த வார்த்தைக்குப் பயந்துதான் பிள்ளை'

அதற்கு மேல் எழுதவில்லை. அழிக்க ஆரம்பித்தார். விரலை அழுத்திப் பிடித்தால் மொத்தமாக அழியும் என்று அவருக்குத் தெரியாது. நான் சொல்லிக் கொடுத்ததும் இல்லை. ஒவ்வொரு தட்டாகத் தட்டி அழித்தார். புள்ளி போனது, கொம்பு போனது, எழுத்து போனது. தூண் போனது, எலுமிச்சைச் சாதம் போனது, பெஞ்சு போனது. அத்தனையும் அழிந்து தீரும்வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

வெறுமையான திரையில் அப்பா புதிதாக எழுதினார்.

'என் மகன் எபனேசருக்குத் தேவன் தந்த நல்ல வேலைக்காக ஸ்தோத்திரம்.'

டிங் என்று மணி அடித்தது. நான் ஆசையாகத் தேடிப் பிடித்துச் சேர்த்த சத்தம் அது.

பாஸ்டர் கண்ணைத் திறந்தார். திரையைப் பார்த்து அந்த ஒரு வரியை வாசித்தார். குரல் ஒரு இடத்தில் தட்டியது, சமாளித்துக்கொண்டார். "ஒரு தகப்பனுடைய ஸ்தோத்திரம். நாமும் சேர்ந்து சொல்லுவோம்" என்றார். சபை முழுக்க ஒரே குரலாக "ஸ்தோத்திரம்" என்றது. வேலை போனது தெரிந்த அத்தனை பேரும், எனக்கு வேலை தந்ததற்காக நன்றி சொன்னார்கள். ஒரு தலைகூட என் பக்கம் திரும்பவில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன் பெரிய கம்பெனி என்றபோது எல்லாத் தலையும் திரும்பியதே, இப்போது ஒன்றுகூடத் திரும்பவில்லை. அப்பா மட்டும் திரும்பி, தூரக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

ஜெபம் முடிந்து கஞ்சி ஊற்றினார்கள். பெஞ்சில் ஒரு மூலையில் உட்கார்ந்தேன். ஜெரூஷா ஆன்ட்டி கேட்காமலே இரண்டாவது தடவை துவையல் வைத்தார். "ஸ்கிரீன் ரொம்ப நல்லா இருந்துச்சு தம்பி" என்று என் தட்டைப் பார்த்துச் சொன்னார். யாராவது ஒருத்தர் சட்டையைப் பிடித்து நாலு கேள்வி கேட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அதோடு ஆறியிருக்கும். அத்தனை பேரும் சேர்ந்து என்னைக் காப்பாற்றினார்கள். கஞ்சி இறங்கவில்லை.

பிரிட்டோ மட்டும் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டே சொன்னான். "அவுங்கல்லாம் கண்ண மூடிக்கினாங்கடா. நீ இன்னாத்துக்கு பாத்துகினு இருந்த?"

"நீதான் மூடிட்டியே, உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்" என்றான். ஒயர்க் கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

அங்கேயே லாப்டாப்பைத் திறந்து அந்த ஒரு வரியைப் பழையபடி மாற்றினேன். இனிமேல் 'அனுப்பு' அழுத்தினால்தான் திரைக்கு வரும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, தூரக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"எல்லாரும் நல்லா இருந்துச்சுன்னாங்கடா. நான் சரியாவே பாக்கலை. அந்தத் திரையை எனக்குக் கொஞ்சம் காட்டு. நீ போன்ல எழுது, நான் லாப்டாப்ல பாக்குறேன்" என்றார்.

தப்பிக்க வழி கையிலேயே இருந்தது. வரியைத்தான் மாற்றியாயிற்றே. போனில் ஏதோ ஒரு வசனத்தை எழுதி, 'அனுப்பு' அழுத்தி, டிங் என்று காட்டிவிட்டால் தீர்ந்தது. அப்பா சந்தோஷப்படுவார். தான் எழுதி அழித்தது தனக்கும் கடவுளுக்கும் மட்டும்தான் தெரியும் என்று நிம்மதியாக இருப்பார். சபையில் ஒருவரும் அவரிடம் சொல்லப் போவதில்லை. திங்கட்கிழமை காலையில் டிபன் பாக்ஸோடு நான் ஸ்டேஷனுக்குப் போகலாம். அவர் கட்டித் தருவார். தெரிந்தே கட்டித் தருவார்.

அந்த டிபன் பாக்ஸை நினைத்ததும் என்னால் முடியவில்லை.

லாப்டாப்பில் அந்த வரியைத் திரும்பவும் மாற்றினேன். போனை எடுத்து எழுத ஆரம்பித்தேன். அப்பா திரையைப் பார்த்து, வகுப்பில் வாசிப்பது போல் சத்தமாக வாசித்தார்.

"அப்பா… எனக்கு… வேலை…"

வாசிப்பு நின்றது. என் கையிலிருந்த போனைப் பார்த்தார். அனுப்பாமல் நின்றுகொண்டிருந்த என் விரலைப் பார்த்தார்.

"நீ இன்னும் அனுப்பவே இல்லையே."

"இல்லப்பா."

"அப்போ அங்க…"

"அங்கயும் இப்படித்தான் வந்துச்சு."

"நான் எழுதுனதா?"

"ஆமாம்பா."

"அழிச்சதும் வந்துச்சா?"

தலையாட்டினேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை, அவர் வேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே கேம்ப் ரோட்டில் ஏதோ ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"அதான் பாஸ்டர் எல்லாரையும் கண்ண மூடச் சொன்னாரா?" என்று கடைசியில் கேட்டார்.

"ஆமாம்பா. உடனே எல்லாரும் மூடிக்கிட்டாங்க. யாரும் பாக்கலை."

"நீ மூடுனியா எபி?"

மூடினேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. மாதக்கணக்காகப் பொய் சொல்லிப் பழகிய வாய்.

"இல்லப்பா" என்றேன்.

அப்பா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"சரி, பாதியில நிக்குது. எழுதி முடி. நான் பாக்கலை" என்றார். சபையில் மற்றவர்கள் மூடியது போலவே, தலையைக் கவிழ்த்து, கண்ணை மூடிக்கொண்டார்.

நான் போனைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு வேலை போயிடுச்சுப்பா" என்று வாயால் சொன்னேன்.